காட்டைப் படிக்க விரும்புவோருக்கு: தொலையுணர்வு, வனச் சூழலியல் ஆய்வு பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்த நான் தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்கள் போன்றவற்றைக் கொண்டு தொலைவிலிருந்தே நிலத்தை அளப்பது) ஆய்வுக்குச் செல்ல எந்தத் தேர்வை எழுத வேண்டும்?

பதில்: சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வை வாழ்வறிவியலில் எழுதுங்கள். ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37 ஆயிரம் ரூபாய் உதவித்தொகை உண்டு. கேட் தேர்விலும் சூழலியலுக்குத் தனித்தாள் இருக்கிறது. டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனத்தின் இலவச இணையவழி வகுப்புகளை இப்போதே தொடங்கிவிடலாம்.

கேள்வி: ஐயா, பிஎச்.டி. வேண்டும். விவரம் அனுப்பவும்.

பதில்: எதில், எங்கே, என்ன தகுதியோடு என்று எழுதாத கடிதத்திற்கு நானும் விவரமில்லாமல்தான் பதில் எழுத முடியும்.

கேள்வி: பத்தாண்டு என்.டி.வி.ஐ. (செயற்கைக்கோள் படத்திலிருந்து கணக்கிடும் பசுமைக் குறியீடு) வரைபடங்களைக் கொண்டு முதுமலைக் காட்டின் வளம் கூடியிருப்பதை நிறுவ விரும்புகிறேன். களப்பணி இல்லாமல் முடிக்கலாமா?

பதில்: முடிக்கக் கூடாது. முடிவை முதலில் எழுதிவிட்டு ஆதாரம் தேடுவதற்கு ஆய்வு என்று பெயரில்லை. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைப்பதால், காட்டுக்குள் காலே வைக்காமல் காட்டைப் பற்றி ஆய்வேடு எழுதும் வழக்கம் பெருகிவிட்டது. என்னிடம் மதிப்பீட்டுக்கு வருபவற்றில் பாதி இந்த வகைதான். என்.டி.வி.ஐ. பச்சையைத்தான் அளக்கும்; அந்தப் பச்சை தேக்கினுடையதா, அடியில் களையாக மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடியினுடையதா என்று அது சொல்லாது. மரத்தலைகள் நெருங்கிய அடர்ந்த விதானத்தில் ஓர் அளவுக்கு மேல் அதன் மதிப்பு ஏறவும் செய்யாது. ஓராண்டின் படத்தை மழைக்குப் பிந்தைய மாதத்திலும் மற்றோராண்டின் படத்தைக் கோடையிலும் எடுத்து ஒப்பிட்டால், நீங்கள் காண்பது வளர்ச்சியல்ல, பருவம். அதே முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தினர் 1988 முதல் 50 ஹெக்டேர் நிலத்தில் மரங்களுக்கு எண்ணிட்டு, அவற்றின் பிறப்பையும் இறப்பையும் தொடர்ந்து பதிவு செய்துவருகிறார்கள். அந்தக் கட்டுரைகளைப் படித்த பிறகு தலைப்பை மாற்றி எழுதுங்கள். மர உயரத்திற்கு, விண்வெளியிலிருந்து லேசர் ஒளியால் அளக்கும் கெடி லைடார் கருவியின் தரவு உதவும், ஆனால் அந்த ஒளி தரையில் விழும் ஒவ்வொரு தடமும் ஏறக்குறைய 25 மீட்டர் அகலமுள்ளது என்பதால் அதையும் களத்தில் சரிபார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய எப்போது விண்ணப்பிக்கலாம்?

பதில்: பிஎச்.டி.க்குப் பதிவு செய்த மாதமே. தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். அது கைக்கு வரும்போது காட்டுத்தீப் பருவம் தொடங்கியிருந்தால் உள்ளே விடமாட்டார்கள். டிரோன் பறக்கவிடும் எண்ணமிருந்தால் அதையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் செலவில்லாமல் படிக்க முகவரை அணுகலாமா?

பதில்: வேண்டாம். ஆய்வு உதவியாளர் இடத்தைப் பெரும்பாலும் பேராசிரியரே தம் திட்ட நிதியிலிருந்து தருகிறார். அவருடைய இரண்டு மூன்று கட்டுரைகளைப் படித்துவிட்டு, நீங்கள் எந்தக் காட்டில் என்ன அளந்தீர்கள் என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். எதையும் அளந்ததில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.