இரண்டு லாரிக்கு மாதம் முழுவதும் லோடு கிடைக்க வழி உண்டா?

கேள்வி: நாமக்கல்லில் இரண்டு பத்து சக்கர லாரி வைத்திருக்கிறேன். கமிஷனுக்கு லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸை நம்பித்தான் ஓட்டம். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வண்டி நின்றுவிடுகிறது. டியூ கட்டவே திணறல். நிலையாக லோடு பிடிப்பது எப்படி?

பதில்: முதலில் ஒன்று பாருங்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் வண்டி எந்த ஊரில் நிற்கிறது? டிரைவரிடம் கேட்டுக் கடந்த மூன்று மாதத்துக்கு எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் நாமக்கல்லில் நின்றிருக்காது. இறக்கிய ஊரில், ரிட்டன் லோடுக்காகக் காத்து நின்றிருக்கும். இன்று விஜயவாடா, நாளை கொச்சி என்று கிடைத்த பக்கமெல்லாம் ஓடினால், எந்த ஊரிலும் உங்களுக்காக ஒரு லோடு எடுத்துவைக்க ஆள் இருக்காது.

அதனால் ஒரே லைனை, அதாவது ஒரே ஊருக்குப் போய்வரும் தடத்தைப் பிடியுங்கள் என்பேன். உதாரணத்துக்குத் தூத்துக்குடி. போக 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக நல்ல சாலை. போகும்போது சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி, புகளூர் காகிதம் என்று விசாரிக்கலாம். வரும்போது உப்பு, உரம், துறைமுகச் சரக்கு. உப்பு ஏற்றினால் அடியிலும் தார்ப்பாய் விரித்து, இறக்கியதும் பாடியைத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டே வருடத்தில் தகடு அரித்துவிடும். வேறு லைன் வேண்டுமா, நம் ஊர்க் கோழிப்பண்ணைகளைப் பாருங்கள். பண்டிகை, மழை எது வந்தாலும் கோழிக்குத் தீனி வைத்தே ஆக வேண்டும். பெரம்பலூர், தாவணகெரே பக்கமிருந்து மக்காச்சோளம் வந்துகொண்டே இருக்கும்.

காலியாகத் திரும்பினால் என்ன ஆகும்? 320 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 80 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 7,360 ரூபாய் டீசலுக்கு மட்டும். டோல், டிரைவர் படி தனி. வாடகை பேசும்போதே இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். ரிட்டன் கிடைத்தால் அது லாபம்.

சரி, புக்கிங் ஆபீஸ் இல்லாமல் நேரடி லோடு எப்படிக் கிடைக்கும்? மில்லுக்குப் போய் 'காண்ட்ராக்ட் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். இரண்டு வண்டிக்காரருக்குக் கொடுக்க மாட்டார்கள். மாலை நான்கு மணி வாக்கில், சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் போய் நில்லுங்கள். மறுநாள் லோடுக்கு வண்டி கூப்பிடும் நேரம் அது. 'உங்கள் வழக்கமான வண்டி வராத நாளில் என்னைக் கூப்பிடுங்கள்' என்று மட்டும் சொல்லி நம்பரைக் கொடுங்கள். பொங்கல், ஆயுதபூஜை, தீபாவளி வாரங்களில் டிரைவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், வண்டிக்கு அடிதடி. அந்த வாரத்தில், வாடகையைக் கூட்டிக் கேட்காமல் இரண்டு தடவை வண்டி அனுப்பியவரை டெஸ்பாட்ச் ஆள் மறக்கவே மாட்டார். எனக்கு முதல் நேரடி பார்ட்டி அமைந்தது ஒரு பொங்கலுக்கு முந்தைய நாள்தான்.

அப்புறம், கடன். நேரடி பார்ட்டி என்றால் வாடகை வர 30, 45 நாள் ஆகும். வாரம் இரண்டு நடை வீதம் மாதம் எட்டு நடை போய்வந்தால், ஒரு வண்டிக்கு டீசல் மட்டும் 1,17,000 ரூபாயைத் தாண்டும். 45 நாள் கடன் என்றால் ஒன்றே முக்கால் லட்சம் கையிலிருந்து போட வேண்டும். அது இல்லாமல் கடன் லோடில் இறங்கி, டீசலுக்கு வட்டி வாங்கி, கடைசியில் வண்டியை விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிறு, குறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு கட்டாயம் செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். சிறு, குறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். பத்து வண்டிக்கு மேல் இல்லை என்று பான் எண்ணோடு எழுதிக் கொடுத்தால், வாடகையிலிருந்து டி.டி.எஸ். என்று வருமான வரி பிடிக்க மாட்டார்கள். பலர் இதைச் செய்யாமல் பணத்தை முடக்கிவிடுகிறார்கள்.

இறக்கிய இடத்தில் சீலும் கையெழுத்தும் வாங்கிய ரசீதை டிரைவர் அங்கேயே போட்டோ எடுத்து அனுப்பட்டும். ஒருமுறை எங்கள் வண்டியில் இரண்டு மூட்டை நனைந்ததற்கு, ரசீதில் 'ஈரம்' என்று ஒரே வார்த்தை எழுதி, ஒரு கம்பெனி முழு வாடகையையும் 70 நாள் நிறுத்திவைத்தது. தார்ப்பாயில் விரல் நுழையும் அளவு ஒரு ஓட்டை, அவ்வளவுதான் காரணம். எத்தனை மூட்டை நனைந்தது என்று எண்ணிக்கையோடு எழுதி வாங்கியிருந்தால் அந்த இரண்டு மூட்டைக் காசோடு போயிருக்கும்.

ஓவர்லோடு ஏற்றினால்தான் லோடு என்கிற பார்ட்டியை விட்டுவிடுங்கள். அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. டயர் தேய்மானம் வேறு.

புக்கிங் ஆபீஸை இப்போதே பகைத்துக்கொள்ள வேண்டாம். முதல் மூன்று மாதம் ஒரு வண்டியை லைனில் விடுங்கள், இன்னொன்று அவர்கள் லோடிலேயே ஓடட்டும். அட்வான்ஸ் கைக்கு வரும் அந்த வண்டிதான் லைன் வண்டியின் டீசலைத் தாங்கும். லைனில் ஓடும் வண்டி மாதம் ஆறு நடையாவது இருபக்கமும் லோடோடு ஓடிவிட்டால் இரண்டாவதையும் திருப்பிவிடலாம்.