தமிழில் பேசி டைப் செய்ய எந்த மென்பொருள்?

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். விரல் மூட்டுவலியால் டைப் செய்ய முடியவில்லை. தாமிரபரணிக் கால்வாய்களையும் குளங்களையும் பற்றி ஒரு நூல் எழுத ஆசை. வீட்டில் விண்டோஸ் 11 டெஸ்க்டாப் இருக்கிறது. பேசினால் டைப் ஆகும் மென்பொருள் எதை வாங்கலாம்? டிராகன் நல்லது என்கிறார்களே?

பதில்: டிராகன் வேண்டாம். ஆங்கிலத்துக்குப் பேர்போனது, ஆனால் அதில் தமிழ் கிடையாது. விண்டோஸில் முன்பு இருந்த பழைய ‘ஸ்பீச் ரெகக்னிஷன்’ வசதியிலும் தமிழ் கிடையாது. உங்கள் வேலைக்கு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் நல்ல ஹெட்செட் வாங்குங்கள்.

முதலில் கூகுள் டாக்ஸ். குரோம் பிரவுசரில் புதிய டாக்குமென்ட் திறந்து, டூல்ஸ் மெனுவில் ‘வாய்ஸ் டைப்பிங்’ தேர்ந்தெடுங்கள். மைக் படத்துக்கு மேலுள்ள பட்டியலில் ‘தமிழ் (இந்தியா)’ வைத்து, மைக்கைச் சொடுக்குங்கள். அனுமதி கேட்டால் கொடுங்கள். படம் சிவப்பானால் கேட்கத் தொடங்கிவிட்டது. இன்டர்நெட் கட்டாயம் வேண்டும். வேறு டேபுக்குப் போனால் கேட்பது நின்றுவிடும். அது தெரியாமல் பேசிக்கொண்டே போனால் சொன்னதெல்லாம் வீண். முற்றுப்புள்ளி, கால்புள்ளியைக் கையால்தான் போட வேண்டும்.

வேர்டிலோ மெயிலிலோ நேரடியாகப் பேச விரும்பினால், செட்டிங்ஸில் தமிழை மொழியாகச் சேர்த்து, கீபோர்டு மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு, விண்டோஸ் விசையோடு ‘எச்’ அழுத்துங்கள். இதற்கும் இன்டர்நெட் தேவை. இரண்டிலும் ஒரே பக்கத்தை வாசித்துப் பாருங்கள். பிழை குறைவாக வருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்செட் யுஎஸ்பி வகையாக இருக்கட்டும். மொபைலுக்கான ஒற்றைப் பின் ஹெட்செட்டை டெஸ்க்டாப்பின் இளஞ்சிவப்புத் துளையில் செருகினால் மைக் வேலை செய்யாது. பிரித்துக் கொடுக்கும் கேபிள் வேண்டும். மைக் வாய்க்கு நேரே வேண்டாம், உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். நேரே வைத்தால் ‘ப’ சொல்லும்போதெல்லாம் மூச்சு மோதி வார்த்தை சிதையும். சவுண்ட் செட்டிங்ஸில் ‘இன்புட்’ பகுதியில் ஹெட்செட் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். வெப்கேமின் மைக் அங்கே முந்திக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது மேற்கு ஜன்னலைச் சாத்திவிடுங்கள். ஃபேன் நேராக மைக்கில் படக்கூடாது.

இனி முக்கியமான விஷயம், நீங்கள் பேசும் தமிழ். ‘வந்தாவ’, ‘சொல்லுதாவ’ என்று நம்மூர் வழக்கில் சொன்னால் மென்பொருள் தடுமாறி, தனக்குத் தெரிந்த வேறு சொல்லைப் போட்டுவிடும். ‘வந்தார்கள்’ என்று எழுத்துத் தமிழில் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்ல வேண்டாம். முன்பின் சொற்களை வைத்துத்தான் அது ல, ள, ழ வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது, அதனால் வாக்கியத்தை மனசில் முடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்வது நல்லது. சந்தி எழுத்துகளை நம்பவே வேண்டாம். திருத்தும்போது நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

உங்கள் நூலில் வரும் நதியுண்ணி (கால்வாயின் பெயர்), கலுங்கு (குளத்தின் உபரி நீர் வழியும் இடம்) போன்ற சொற்கள்தான் பெரிய தலைவலி. ‘கலுங்கு’ என்றால் ‘குலுங்கு’ என்று விழலாம். இதற்கு ஒரு வழி உண்டு. நூலில் வேறெங்கும் வராத எளிய சொல் ஒன்றை அதற்குப் பதிலாகச் சொல்லுங்கள். எழுதி முடித்த பின் கன்ட்ரோல் விசையோடு ‘எச்’ அழுத்தி மொத்தமாக மாற்றலாம். ஆனால் வேற்றுமை உருபு ஒட்டும்போது இடறாத சொல்லாகப் பாருங்கள். நதியுண்ணிக்கு ‘யானை’ பொருந்தும்: ‘யானையில்’ என்பது ‘நதியுண்ணியில்’ ஆகிவிடும். கலுங்குக்கு அதே யானையைப் போட்டால் ‘கலுங்குயில்’ என்று வந்து நிற்கும். அதற்குக் ‘குரங்கு’ எடுத்து, ‘குரங்’ என்பதை ‘கலுங்’ என்று மாற்றுங்கள். ‘குரங்கில்’ சரியாகக் ‘கலுங்கில்’ ஆகும்.

மடைக்காரர்கள், பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வைத்திருந்தால், அந்த ஆடியோவை எழுத்தாக்க 2022-இல் வெளியான விஸ்பர் என்ற மென்பொருள் இருக்கிறது. இலவசம். இன்டர்நெட் இல்லாமல் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும், குரல் வெளியே போகாது. தமிழுக்கு அதன் சிறிய மாடல்கள் போதாது. பெரிய மாடலோ கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் மிக மெதுவாக நகரும். பேச்சில்லாத இடங்களில் யாரும் சொல்லாத வாக்கியத்தை அதுவாகவே எழுதும் குணமும் உண்டு. நீண்ட மௌனங்களை வெட்டிவிட்டுக் கொடுங்கள். எழுதி வந்ததை ஒலியோடு ஒப்பிடாமல் நூலில் சேர்க்காதீர்கள்.

அச்சகத்தில் ஒன்றை முன்கூட்டியே கேளுங்கள்: யூனிகோடில் பக்கம் அமைக்கிறார்களா, பழைய எழுத்துருவிலா? குரல் டைப்பிங்கில் வருவதெல்லாம் யூனிகோடுதான். பழைய எழுத்துரு என்றால் கன்வெர்ட்டரில் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றிய பிறகு மேற்கோள் குறிகளையும் ‘ஸ்ரீ’ வரும் இடங்களையும், குறிப்பாக ஸ்ரீவைகுண்டத்தை, புரூஃபில் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.