நிலம் இருக்கட்டும், மகள் இயற்பியல் படிக்கட்டும்

அன்புள்ள ஐயா,

மகளுக்கு இரண்டாவது முறையும் நீட் கைகொடுக்கவில்லை, மச்சான் சொன்னபடி நிலத்தை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் வேண்டாம். படித்து முடிப்பதற்குள் ஒரு கோடியைத் தாண்டும், எம்.டி.க்கு அப்புறம் தனிச் செலவு. அந்தக் கடனை அடைக்கப் போவது மச்சான் இல்லை.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: பள்ளி லேபில் முப்பட்டகமும் லேசரும் கிடைத்தால் வீட்டையே மறந்துவிடுவாள் என்று. நான் பிடித்துக்கொண்டது அதைத்தான். நோயோடு போராட ஸ்டெதஸ்கோப் ஒன்றுதான் வழி என்று யார் சொன்னது?

வைரஸை ஒளியால் கண்டுபிடிக்கும் பயோசென்சார் என்று ஒரு துறை இருக்கிறது. கண்ணாடியில் சுமார் 50 நானோமீட்டர் தடிமனுக்குத் தங்கப் பூச்சு. அதன்மேல் ஒரு குறிப்பிட்ட வைரஸைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் என்ற புரதங்கள். அடியிலிருந்து முப்பட்டகம் வழியாக ஒளி பாய்ச்சினால், ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் தங்கத்தின் எலெக்ட்ரான்கள் அதை விழுங்கிவிடும். திரும்பி வரும் வெளிச்சம் மங்கும். வைரஸ் வந்து ஒட்டியதும் அந்தக் கோணம் இம்மியளவு நகரும். அதை அளந்தால் போதும், வைரஸைக் காட்டிக்கொடுக்கத் தனியாகச் சாயம் சேர்க்க வேண்டியதில்லை. 1983-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இந்த முறையை உயிரியலுக்குக் கொண்டுவந்தார்கள். 1990-இல் இதே முறையில் இயங்கும் பியாகோர் என்ற கருவி விற்பனைக்கு வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யிலேயே, வளைத்த ஆப்டிகல் ஃபைபரை வைத்து பயோசென்சார் செய்கிறார்கள். கொரோனா காலத்தில் நாம் பார்த்த பல கிட்களின் சிவப்புக் கோடுகூட தங்க நானோ துகள்களின் நிறம்தான்.

வேலை இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. சுத்தமான கரைசலில் ஒழுங்காக வேலை செய்யும் சென்சார் ரத்தத்திலும் எச்சிலிலும் தடுமாறும். வேண்டாத புரதங்களும் தங்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைத் தீர்க்க இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் வேண்டும்.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் போதும். அப்புறம் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. கொச்சியில் குசாட் பல்கலைக்கழகத்தில் ஃபோட்டானிக்ஸில், அதாவது ஒளியியல் தொழில்நுட்பத்தில், ஐந்தாண்டு எம்.எஸ்சி.யே இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. வெறும் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் இந்தத் துறைக்குள் நுழைவது கஷ்டம், முனைவர் பட்டம்வரை போக வேண்டியிருக்கும். ஆனால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் (நீட் அல்ல) தேறி, ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் நிதி கிடைத்தால், ஆய்வின் தொடக்க ஆண்டுகளில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு.

முடிவெடுக்கும் முன் அவளிடம் ஒன்று கேளுங்கள்: கணக்கு பிடிக்குமா? பிடிக்காது என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு வழி பார்க்கலாம். பிடிக்கும் என்றால் இந்த வாரமே விண்ணப்பம் போடுங்கள்.