காலை உணவைத் தவிர்த்தும் எடை ஏறுவது ஏன்?

வணக்கம் தம்பி. நிலாவெளிப் பக்கம் வளாக விடுதிக்கு வந்த ஒரு வருடத்தில் 60 கிலோவிலிருந்து 68 கிலோ ஆகிவிட்டதாகவும், காலையில் ஒன்றும் உண்ணாமலிருந்தும் எடை குறையவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் 165 சென்ரிமீற்றர் உயரத்துக்கு உடற்திணிவுச் சுட்டி (உயரத்துக்கு எடை பொருத்தமா என்று காட்டும் அளவு) 22 இலிருந்து 25 ஆக உயர்ந்துள்ளது. ஆசிய மக்களுக்கு 23 ஐத் தாண்டினாலே நீரிழிவு போன்றவற்றின் அபாயம் கூடுவதாகக் கருதப்படுவதால், உங்கள் கவலை வீணானதன்று.

ஆனால் நீங்கள் குற்றஞ்சாட்டும் சோற்றைவிட எனக்குத் தேநீரின் மீதுதான் சந்தேகம். நாளுக்கு ஐந்து பால் தேநீர், ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி என்றால் அதுவே ஏறத்தாழ 60 கிராம், அதாவது 240 கிலோகலோரி. 2000 கிலோகலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் 50 கிராம் எல்லையையும் அது கடந்துவிடுகிறது. (கடையில் சீனி குறைத்துக் கேட்டால் நோயாளியைப் போலப் பார்ப்பார்கள், பொருட்படுத்தாதீர்கள்.)

காலைப் பட்டினியை இரவுக் கொத்து ரொட்டி ஈடுகட்டிவிடுகிறது. அதன்பின் இரண்டு மணிவரை விழித்திருந்தால், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோன் கூடி, நிறைவை உணர்த்தும் லெப்டின் என்ற ஓமோன் குறையக்கூடும். ஆகவே காலையில் இடியப்பம், சொதியுடன் ஒரு முட்டையோ பருப்போ உண்ணுங்கள். கொத்தை வாரம் ஒருமுறையாக்குங்கள். வெயில் தாழ்ந்தபின் கடற்கரையோரம் அரை மணிநேரம், வாரத்தில் ஐந்து நாட்களாவது விரைந்து நடங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எடை ஏறி, சோர்வும் மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால், தைரொயிட் பரிசோதனை தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.