தக்கை மூழ்கும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: ஓடும் ஆற்றில், நிம்ஃப் (நீர்ப்பூச்சியின் இளம்பருவம்) வகைச் செயற்கைப் பூச்சியை ஆழத்தில் விட்டு ஃப்ளை ஃபிஷிங் (செயற்கைப் பூச்சியால் மீன்பிடித்தல்) செய்கிறேன். தூண்டில் நரம்பில், மீன் கவ்வுவதைக் காட்டும் இண்டிகேட்டர் தக்கை கட்டியிருந்தும், டிரவுட் மீன் கவ்வியதை அறிவதற்குள் அது தப்பிவிடுகிறது. என்ன தவறு?

பதில்: தக்கை முழுவதும் மூழ்கட்டும் என்று நீங்கள் காத்திருப்பதாகவே தோன்றுகிறது. நீரோடு மிதந்து வரும் இரையை டிரவுட் பெரும்பாலும் பாய்ந்து பிடிப்பதில்லை; இருந்த இடத்திலேயே வாயைத் திறந்து உள்ளிழுத்து, உணவல்ல என்று உணர்ந்ததும் துப்பிவிடுகிறது. அந்தக் கண நேரத்தில் தக்கை சற்றே தயங்கும், பக்கவாட்டில் திரும்பும், அல்லது அருகில் மிதக்கும் நுரையைவிடத் திடீரென மெதுவாகும். இவற்றில் எதைக் கண்டாலும் கோலை உடனே, ஆனால் மென்மையாக, உயர்த்துங்கள். தட்டுப்பட்டது பாறையாகவே இருந்தாலும் இழப்பு பெரிதில்லை.

தக்கைக்கும் பூச்சிக்கும் இடையிலான தொலைவு நீரின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருப்பது வழக்கம். 4 அடி ஆழத்துக்கு 6 அடி என்று தொடங்கி, பூச்சி அடிக்கடி தரையில் சிக்கினால் குறைத்துக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமானது நரம்பின் தளர்ச்சி. மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடுவதால், வளைந்து கிடக்கும் நரம்பு தக்கையை இழுத்துச் செல்லும். பூச்சியும் இயல்பற்று இழுபடும். வளைவை அவ்வப்போது நீரோட்டத்துக்கு எதிர்ப்புறமாகத் தூக்கிப் போட்டு, தளர்ந்த நரம்பைக் கையால் சேர்த்துக்கொள்ளுங்கள். பூச்சியைத் தாங்கக்கூடிய மிகச் சிறிய தக்கையே போதும். ஆழமற்ற, அமைதியான நீரில், ஓசையின்றி விழும் கம்பளி நூல் இண்டிகேட்டரையே நான் பரிந்துரைப்பேன்.