பழைய இன்ஜினுக்கு சூப்பர்சார்ஜர்: கேள்வி பதில்

கே: சார், 1.6 லிட்டர் கார்புரேட்டர் இன்ஜின், கம்ப்ரஷன் 9:1. ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் பெல்ட் பம்ப்) கையில் இருக்கிறது. புல்லி என்ன அளவு போடலாம்?

ப: முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ப்ளோயரை (சூப்பர்சார்ஜரைத்தான் சொல்கிறேன்) ஓரமாக வைத்துவிட்டு ரிங், வால்வைப் பாருங்கள். சரியாக இருந்தால் மேலே போகலாம். எம்45 ஒரு சுற்றுக்குச் சுமார் 0.74 லிட்டர் காற்றைத் தள்ளும்; உங்கள் இன்ஜின் ஒரு சுற்றுக்கு 0.8 லிட்டர் இழுக்கும். கிராங்க் புல்லி 135 மி.மீ., ப்ளோயர் புல்லி 90 மி.மீ. என்றால் விகிதம் 1.5. ஆக 0.8 கொள்ளும் இடத்தில் 1.11 லிட்டர் திணிக்கிறீர்கள். தோராயமாக 5, 6 பிஎஸ்ஐ பூஸ்ட், அதாவது வெளிக்காற்றை மிஞ்சிய அழுத்தம், கிடைக்கும். ஸ்டாக் பிஸ்டனை வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

கே: அண்ணா, கார்புரேட்டர் ப்ளோயருக்கு முன்னாலா, பின்னாலா?

ப: வீட்டில் செய்வதென்றால் முன்னால்தான். கார்புரேட்டர் பூஸ்டைப் பார்க்காது, பெட்ரோல் ரோட்டரையும் குளிர்விக்கும். இன்டர்கூலர் மட்டும் கூடாது, பெட்ரோல் அதற்குள் தேங்கிவிடும். மேனிஃபோல்டில் (ஹெட்டுக்குக் கலவை போகும் குழாயில்) ஸ்பிரிங் வைத்த ரிலீஃப் வால்வு கட்டாயம்: ப்ளோயரிலிருந்து ஹெட் வரை நிரம்பி நிற்பது எரியத் தயாரான கலவை, ஒரு பேக்ஃபயர் போதும். பின்னால் வைத்தால் ஃப்ளோட் சேம்பருக்கும் (கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் அறை) பூஸ்ட் கொடுக்க வேண்டும், பம்ப் அழுத்தம் எப்போதும் பூஸ்டைவிட 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாக நிற்க வேண்டும். இல்லையென்றால் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் பெட்ரோல் குறையும். பிஸ்டன் ஓட்டை விழும்.

கே: 4000 ஆர்பிஎம் தாண்டி முழுக்க மிதித்தால் கலகலவென்று சத்தம். டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) தொடவில்லை.

ப: அது நாக்கிங்: கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடிப்பது. சரிசெய்யும் வரை பூஸ்டில் மிதிக்காதீர்கள். 9:1 இன்ஜின் 5.5 பிஎஸ்ஐயில் ஏறக்குறைய 12.4:1 போல நடந்துகொள்ளும். பழைய டைமிங் அதற்கு ஆகாது. பொறி முந்துவதை ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி குறையுங்கள்: மொத்தம் 32 டிகிரி இருந்தால் 26, 27. டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே திருப்பினால் ஐடிலில் இன்ஜின் சோம்பும், அதனால் உள்ளே, வேகம் ஏற ஏறப் பொறியை முந்தவைக்கும் வெயிட்டின் ஓட்டத்தைக் குறைப்பதே முறை. வைட்பேண்ட் மீட்டரில் (காற்று-பெட்ரோல் விகிதம் காட்டுவது) ஃபுல் த்ராட்டிலுக்கு 11.5 முதல் 12 காட்ட வேண்டும். பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.65 மி.மீ.

இப்போதே பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினது போல் கரும்புள்ளி இருந்தால் தப்பித்தீர்கள். பளபளவென்று நுண்ணிய உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். ஹெட்டைக் கழற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கே: எவ்வளவு இறுக்கினாலும் பெல்ட் வழுக்குகிறதே?

ப: இனியும் இறுக்கினால் பேரிங்தான் போகும். ப்ளோயர் புல்லியைப் பெல்ட் பாதிச் சுற்றாவது தழுவும்படி ஐட்லரை (பெல்ட்டை அழுத்திப் பிடிக்கும் சின்னப் புல்லி) நகர்த்துங்கள். புல்லிகளின் முகத்தில் நேரான ஸ்கேலை வைத்துப் பாருங்கள், 1 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது. ஓரமாகக் கறுப்புத் தூள் கொட்டினால் பிராக்கெட் வளைகிறது என்று அர்த்தம், 10 மி.மீ. ஸ்டீல் பிளேட்டில் செய்து, இரண்டு பக்கமும் தாங்கு கொடுங்கள்.

கே: பூஸ்ட் ஏறினால் டிப்ஸ்டிக் வழியாக ஆயில் தெறிக்கிறது.

ப: பிசிவி ஹோஸில் (கிராங்க்கேஸ் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் குழாய்) ஒருவழி வால்வு இல்லை, அல்லது ஒழுகுகிறது; அதனால் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் இறங்குகிறது. அதை மாற்றும்போதே பிரேக் பூஸ்டர் ஹோஸில் உள்ளதையும் ஊதிப் பாருங்கள்.