அத்தோவின் மேல் பழி

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது 52. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் என் சனிக்கிழமை அத்தோவை, அதுதான் அந்தப் பர்மா நூடுல்ஸை, நிறுத்திவிட்டார்கள். இருபது வருடப் பழக்கம். அது அவ்வளவு பெரிய குற்றமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லையே. நான்கு என்று வைத்துக்கொள்கிறேன். நம் பக்கத்தில் அது அடக்கமான கணக்கு. டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் எட்டு ஸ்பூன், அதாவது ஏறத்தாழ 32 கிராம் சர்க்கரை. நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் நாக்கில் பதியாமலே அதைத் தாண்டிவிட்டு, சனிக்கிழமைத் தட்டின் மேல் பழி போடுகிறோம்.

நானும் இப்படித்தான் ஏமாந்தேன். காசிமேட்டு வஞ்சிர வறுவலைத் தியாகம் செய்துவிட்டு, 'சர்க்கரை இல்லாத' பிஸ்கட் பாக்கெட்டை இரண்டே நாளில் காலி செய்தேன். அதிலும் மைதாதான்.

அத்தோவும் யோக்கியம் இல்லை. மைதா நூடுல்ஸ், பூண்டு எண்ணெய், பொரித்த வெங்காயம், நொறுக்கிப் போடும் பேஜோ என்ற மொறுமொறு பொரியல் என்று தினமும் தின்னக்கூடிய பண்டம் அல்ல அது. ஆனால் கோஸும் எலுமிச்சையும் வாழைத்தண்டு சூப்பும் கூடவே வருகின்றன. 1962 ராணுவ ஆட்சிக்குப் பின் பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே பிசைந்து கொடுத்துப் பிழைத்த உணவு. அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பார்சல் மட்டும் வேண்டாம். வீடு வருவதற்குள் ஊறிவிடும். டிவி பார்த்தபடி எவ்வளவு உள்ளே போனது என்றே தெரியாது. கடையிலேயே நின்று முதலில் சூப்பைக் குடியுங்கள். கடைக்காரர் கையால் பிசையும்போதே நூடுல்ஸைக் குறைத்து, கோஸை அள்ளிப் போடச் சொல்லுங்கள். முகம் சுளிக்கமாட்டார், கோஸ் அவருக்கு மலிவு. ஒரு மசாலா முட்டையும் சேர்த்தால் அதுவே இரவுச் சாப்பாடு. வீட்டுக்குப் போய் மறுபடியும் சோற்றுத் தட்டின் முன் உட்காராதீர்கள். பாதிப் பேர் கவிழ்வது அங்கேதான்.

மாதம் இரண்டு சனிக்கிழமை என்று வீட்டில் பேரம் பேசிப் பாருங்கள். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரிப் பரிசோதனை (HbA1c) முடிவு வரட்டும், மிச்ச வழக்கை அதை வைத்துப் பேசலாம். அதுவரை டீக்கடையில் சர்க்கரை வேண்டாம் என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். முதல் வாரம் கஷாயம் போலத்தான் இருக்கும்.